உலாவும் ஊர்தியும்: ஓர் உலாவியின் பெயர் பற்றிய திறனாய்வு

தமிழிலுள்ள சிற்றிலக்கிய வகைகளுள் உலா என்பது பெயராலேயே தன் இயல்பைப் புலப்படுத்தி நிற்பதொன்றாகும். பாட்டுடைத் தலைவன் தேர், யானை, குதிரை என்பவற்றுள் ஒன்றை ஊர்ந்து வீதியிற் பவனி வருதலும், பேதை முதற் பேரிளம்பெண் ஈறாகிய ஏழு பருவ மகளிரும் அவனைக் கண்டு காதல் கொள்ளுதலும் அதன் பொருளாகும். சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞானவுலாவை ஆதியுலா என்பர். ஒட்டக்கூத்தர் சோழ மன்னர் மூவர்மீது பாடியவை மூவருலா எனப் பெயர் பெற்றன. இவ்வுலாக்களைப் பயிலும் மாணவன் தலைவனின் சிறப்பையும் மகளிரின் நிலையையும் உற்று நோக்குவான். ஊர்தி யாருடையது என்னும் வினா அவன் மனத்தில் எழுவதில்லை. தலைவன் அரசனாயின் யானை அவனுடையது; இறைவனாயின் உலகமே அவனுடையது. ஆதலின் அவ்வினாவுக்கு அங்கு இடமில்லை.

நம் காலத்தில் அதே பெயருடன் வேறொரு பொருள் வீதிக்கு வந்துள்ளது. தமிழ்நாட்டைத் தளமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட இணைய உலாவிக்கு ‘உலா’ என்று பெயரிட்டது. இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளை உலாவி என வழங்கும் தமிழ் மரபுக்கும், பழைய இலக்கிய வகையின் பெயருக்கும் ஒருங்கே பொருந்துமாறு அமைந்த பெயர் அது. பெயரிட்டவரின் சுவையுணர்வைப் பாராட்டாதிருத்தல் இயலாது. எனினும் பழைய உலாவில் எழாத வினா இப்புதிய உலாவில் எழுந்தே தீரும். தலைவன் நம்மவன், அவன் ஊர்ந்து வரும் ஊர்தி யாருடையது? இவ்வொரு வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸோஹோவின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். ஸ்ரீதர் வேம்புவும் உடன் சேர்ந்தோரும் 1996இல் அட்வென்ற்நெற் என்னும் பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. 2009இல் ஸோஹோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. பெருநகரங்களை விட்டுத் தென்காசிப் பகுதியிலுள்ள மத்தளம்பாறை போன்ற சிற்றூர்களிலும் பணிமனை அமைத்துப் புகழ் பெற்றது. 2005இல் அது இணையத்திலேயே ஆவணம் எழுதுதற்குரிய கருவியொன்றை வெளியிட்டது. கூகிள் நிறுவனம் அத்தகைய கருவியுடன் களத்தில் இறங்கியது அதற்கடுத்த ஆண்டிலேயாம். அன்று தொட்டு எழுதுதல், கணக்கிடுதல், மின்னஞ்சல் அனுப்புதல் ஆகிய துறைகளில் இவ்விரு நிறுவனங்களும் போட்டியாளராய் இருந்து வருகின்றன.

இங்கு ஒரு முரண் உண்டு. ஸோஹோவின் கருவிகளுட் பெரும்பாலானவை உலாவியினுள்ளே இயங்குபவை. உலகிற் பெரும்பாலார் பயன்படுத்தும் உலாவியோ கூகிளின் குரோம். எனவே ஸோஹோ தன் கடைக்கு வருவோரைப் போட்டியாளன் வீட்டு வாயில் வழியாகவே வரவேற்க வேண்டியதாயிற்று. இந்நிலையினின்றும் விடுபடவே தனக்கென ஓர் உலாவி வேண்டுமெனக் கருதியது போலும். ஆயின் அவ்வுலாவி எதன்மீது கட்டப்பட்டது? கூகிள் தோற்றுவித்து இன்றளவும் பேணிவரும் குரோமியம் என்னும் திறந்தமூல நிரற்றொகுதியின் மீதே. வாயில் புதிது; நிலையும் கதவும் பழைய வீட்டிலிருந்து வந்தவை.

உலாவியின் அமைப்பை அறியாதார்க்கு இது விளங்குதற்பொருட்டு ஒரு சொல் கூறுதல் வேண்டும். உலாவியில் நாம் காணும் பொத்தான்களும் பட்டைகளும் மேற்பூச்சு மாத்திரையே. உள்ளே ஒரு பொறி இருக்கின்றது. தொலைவிலுள்ள கணினி அனுப்பும் குறியீடுகளைப் படித்து, எழுத்தை எழுத்தாகவும் படத்தைப் படமாகவும் திரையில் வரைந்து காட்டுவது அதுவே. தமிழில் ‘கொ’ என்பதை எழுதும்போது ஒற்றைக் கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னுமாக நிற்க வேண்டுமென்பதை அறிந்து ஒழுங்கு செய்வதும் அப்பொறியின் பகுதிகளுள் ஒன்றே. இத்தகைய பொறியைப் புதிதாய் ஆக்குதல் பல்லாண்டு உழைப்பை வேண்டி நிற்பது. ஆதலால் உலகில் உலாவிகள் பலவாயினும் பொறிகள் மிகச் சில. கூகிளின் பிளிங்க், அப்பிளின் வெப்கிற், மொசில்லாவின் கெக்கோ என மூன்றனுள் அவை பெரும்பாலும் அடங்கிவிடும்.

போட்டியாளனின் உலாவியைச் சார்ந்திருத்தல் ஸோஹோவுக்கு முன்பே வேறொரு நிறுவனத்துக்கு நேர்ந்தது. அவ்வரலாறு நம் ஆராய்ச்சிக்கு அளவுகோலாய் அமையும். 1997ஆம் ஆண்டில் அப்பிள் கணினி நிறுவனம் வீழ்ச்சியின் விளிம்பில் நின்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதம் பொஸ்டன் நகரிற் கூடிய அவையில், மீண்டும் அந்நிறுவனத்துக்கு வந்திருந்த ஸ்டீவ் ஜொப்ஸ், நெடுநாட் பகைவராகிய மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் அப்பிளில் 150 மில்லியன் டொலர் முதலிடுவர் என்று அறிவித்தார். மைக்ரோசொப்டின் அலுவலக மென்பொருள் ஐந்தாண்டுகளுக்கு அப்பிளின் மக்கின்ரொஷ் கணினிக்கும் கிடைக்கும். அதற்கு எதிராக, மைக்ரோசொப்டின் இன்ரநெற் எக்ஸ்புளோரர் அக்கணினியின் முதன்மை உலாவியாய் அமையும். அவையினர் சிலர் ஆரவாரித்தனர்; சிலர் வெறுப்பொலி எழுப்பினர்.

இவ்வுடன்பாட்டின் உட்பொருள் பின்னர் நீதிமன்றத்தில் வெளியாயிற்று. மைக்ரோசொப்டுக்கு எதிராக அமெரிக்க அரசு 1998இல் தொடுத்த வழக்கில், 1999 நவம்பரில் நீதிபதி வெளியிட்ட முடிவுகளின்படி, அலுவலக மென்பொருளை நிறுத்திவிடுவதாக அச்சுறுத்தியே அப்பிளை நெற்ஸ்கேப் உலாவியினின்றும் விலகச் செய்தனர். கணினி அப்பிளுடையது, அதன் வாயிலில் நிற்பவன் பகைவனின் காவலாளன். அக்காவலாளன் திறமையற்றவனல்லன் என்பதையும் நாம் கூறுதல் நேர்மையாகும். 2000ஆம் ஆண்டில் மக்கின்ரொஷுக்கென வெளிவந்த எக்ஸ்புளோரரின் ஐந்தாம் பதிப்பு அக்காலத்துச் சிறந்த உலாவிகளுள் ஒன்றெனப் பாராட்டப்பட்டது. சார்ந்திருத்தலின் தீமை, கிடைக்கும் பொருள் இழிந்தது என்பதிலன்று. அது எப்பொழுது நிற்கும் என்பதைப் பிறன் தீர்மானிப்பதிலேயே உள்ளது.

2003ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அப்பிள் சபாரி என்னும் தன் உலாவியை வெளியிட்டது. அதன் பொறியும் அப்பிள் முதலிலிருந்து ஆக்கியதன்று. கேடீஈ என்னும் திறந்தமூல இயக்கத்தைச் சேர்ந்த தன்னார்வலர் ஆக்கிய கேஎச்ரிஎம்எல் என்னும் சிறிய நிரற்றொகுதியை எடுத்துத் திருத்தியே அதனை அமைத்தனர். அத்தொகுதி 1,40,000 வரிகளுக்கும் குறைந்தது என்பதை அப்பிளின் பொறியியலாளர் வியந்து குறிப்பிட்டனர். சபாரி வந்த சில மாதங்களுள், அதே ஆண்டு ஜூனில், மக்கின்ரொஷுக்கு இனிப் புதிய எக்ஸ்புளோரரை ஆக்குவதில்லை என மைக்ரோசொப்ட் அறிவித்தது. 2005 இறுதியுடன் அதற்குரிய ஆதரவும் முடிவுற்றது. அப்பிள் அதற்கு முன்பே தன் வாயிலைக் கட்டியிராவிடின் என் செய்திருக்கும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்க.

இவ்வரலாற்றிலிருந்து திறனாய்வாளன் பெறும் உண்மை யாது? இரவல் வாங்குதல் இழிவன்று என்பதே. 1997இல் இருந்ததும் பிறர் பொருள். 2003இல் வந்ததும் பிறர் பொருளை அடியாகக் கொண்டதே. ஆயினும் முன்னது அடிமைத்தனமாகவும் பின்னது விடுதலையாகவும் அமைந்தமைக்குக் காரணம் என்ன? எக்ஸ்புளோரரின் உள்ளே அப்பிள் கைவைத்தல் இயலாது. கேஎச்ரிஎம்எல்லின் உள்ளே கைவைத்தலும், அதனைத் தன் வழியே திருப்புதலும், மூலக் குழுவினரிடமிருந்து பிரிந்து செல்லுதலும் இயலும். திருத்தல், மறுத்தல், பிரிதல் என்னும் இம்மூன்று ஆற்றலும் உடையவன் இரவற் பொருளை வைத்திருப்பினும் தன்னுரிமை உடையவனே. இம்மூன்றும் இல்லாதவன் விலை கொடுத்து வாங்கினும் சார்ந்திருப்பவனே.

அதன் பின்னர் நிகழ்ந்தவை இம்முடிவை வலியுறுத்துகின்றன. கூகிள் 2008இல் குரோமை வெளியிட்டபோது அப்பிளின் வெப்கிற் பொறியையே எடுத்துக்கொண்டது; 2013இல் அதனினின்றும் பிரிந்து பிளிங்க் என்னும் பொறியைத் தனியே வளர்த்தது. நோர்வே நாட்டு ஒப்பேரா நிறுவனம் அதே 2013இல் தான் நெடுங்காலம் பேணிய பிரெஸ்ரோ என்னும் பொறியைக் கைவிட்டுக் கூகிளின் வழியைப் பின்பற்றியது. ஒரு காலத்தில் அப்பிளின் வாயிலிற் காவல் நின்ற மைக்ரோசொப்டே 2018 டிசம்பரில் தன் பொறியைக் கைவிடுவதாக அறிவித்து, 2020 ஜனவரி தொட்டு எட்ஜ் உலாவியைக் குரோமியத்தின்மீது கட்டி வருகின்றது. காவலாளன் மற்றொருவனின் வாயிலில் நிற்கலானான்! மைக்ரோசொப்ட் போன்ற பெருநிறுவனமே தனித்து நிற்றலைச் சுமையெனக் கருதியதாயின், ஸோஹோ குரோமியத்தை ஏற்றதைக் குறைகூறுவோர் சற்றே நிதானித்தல் நன்று.

இனிக் குரோமியத்தின் இயல்பை ஆராய்வாம். அது எவரும் எடுத்தாளத்தக்க பொதுப்பொருள். இதனை ஊர்க்கோயிலின் தேருக்கு ஒப்பிடலாம். தேர் ஊருக்குப் பொது. வடத்தை எவரும் பிடித்திழுக்கலாம். ஆனால் வீதி முனையில் தேர் எப்பக்கம் திரும்ப வேண்டுமென்பதை, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை இடுவோர் சிலரே முடிவு செய்வர். குரோமியத்தில் அம்முட்டுக்கட்டை பெரும்பாலும் கூகிளின் பணியாளர் கையிலேயே உள்ளது. 2024ஆம் ஆண்டில் அத்தொகுதிக்கு வந்த மாற்றங்களுட் சுமார் 94 சதவீதம் தன்னுடையது எனக் கூகிளே கூறியுள்ளது. வடம் பிடித்தோர் பலர், திருப்பியவர் ஒருவர்.

இதன் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உலாவியுடன் இணைந்து விளம்பரங்களைத் தடுக்கும் துணைநிரல்கள் பல ஒரு குறிப்பிட்ட பழைய விதிமுறையை நம்பியிருந்தன. பாதுகாப்பும் விரைவும் கருதி அவ்விதியை மாற்றுவதாகக் கூறிய கூகிள், 2024 முதல் 2025 வரை பழைய முறையைப் படிப்படியாகக் குரோமிலிருந்து அகற்றியது. விளம்பரத்தாற் பெருவருவாய் ஈட்டும் நிறுவனமே விளம்பரத் தடையின் வன்மையைக் குறைத்தது எனப் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் சரியோ தவறோ, அதனை இங்கு முடிவு செய்ய வேண்டியதில்லை. குரோமியத்தின்மீது கட்டப்பட்ட ஏனைய உலாவியாளர்க்கு இரண்டே வழிகள் இருந்தன: மாற்றத்தை ஏற்றல், அல்லது பழைய பகுதியைத் தம் செலவிற் பேணுதல். உலாவோ விளம்பரத்தாரும் பின்தொடர்வோரும் பயன்படுத்துவோனை வேவு பார்த்தலைத் தடுப்பதையே தன் தலையாய சிறப்பெனக் கூறி வந்துள்ளது. எந்தச் சிறப்பால் அது தன்னை வேறுபடுத்திக் கொள்கின்றதோ, அச்சிறப்புக்குரிய வேரே போட்டியாளன் தோட்டத்தில் இருப்பது கவனிக்கத்தக்கது.

மறுபக்கத்தையும் நோக்குதல் திறனாய்வாளன் கடன். உலாவியின் உள்ளே நம்பத்தக்க சான்றளிப்போரின் பட்டியலொன்று உண்டு. ஒரு தளம் தன்னை வங்கி என்றோ அரசு என்றோ கூறினால், அக்கூற்றுக்குச் சான்றளித்தவர் அப்பட்டியலில் இருப்பின் மட்டுமே உலாவி அதனை நம்பும். 2014 ஜூலையில், இந்திய அரசின் தகவலியல் நிறுவனமொன்று வழங்கிய சான்றுகளுள் கூகிள் தளங்களின் பெயரால் முறையின்றி வழங்கப்பட்டவையும் இருந்தமை வெளிப்பட்டது. கூகிள் அவ்வரசுச் சான்றுக்குத் தன் உலாவியில் வரம்பிட்டது. இந்திய அரசு 2023 ஆகஸ்டில் சுதேச உலாவி ஆக்கும் போட்டியை அறிவித்தபோது, தன் சான்றளிப்பு அதிகாரத்தை நம்பும் பட்டியல் அதில் அமைய வேண்டுமெனக் கோரியது. அப்போட்டியில் 2025 மார்ச்சில் ஸோஹோ முதலிடம் பெற்று ஒரு கோடி ரூபாய் பரிசு பெற்றது. அயலவன் கையில் வாயில் இருத்தல் அச்சந்தருவது உண்மையே. ஆயின் 2014இல் அந்த அயலவன் வாயிலை அடைத்ததனாற் பொதுமக்கள் காக்கப்பட்டனர் என்பதும் உண்மையே. வாயில் நம்மவர் கைக்கு வந்தால் மட்டும் நன்மை தானே விளைந்துவிடாது. காப்போனின் நேர்மையையும் வினவுதல் வேண்டும்.

இவையெல்லாம் தொலைதூரத்து வணிகர் வழக்குகள். மலையகத்து ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இவற்றால் ஆவதென்ன என்று கேட்பாருளர். தமிழ் வாசகன் இச்சார்பை முன்பே அனுபவித்தவன். ஒருங்குறி பரவுதற்கு முன் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி எழுத்துரு வைத்திருந்தன. இலங்கையிற் பாமினி பெருவழக்காயிருந்தது. எழுத்துருவை இறக்கிப் பதியாதவனுக்குச் செய்தித்தாள் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். இவ்விடரைப் போக்கச் சில தளங்கள், பக்கத்துடன் எழுத்துருவும் தானே வந்து சேருமாறு மைக்ரோசொப்ட் வகுத்த முறையைக் கையாண்டன. அம்முறை எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. வேறு உலாவி வைத்திருந்தவன் தன் தாய்மொழியையே வாசிக்க இயலாதவனானான். அவ்விடரினின்றும் நம்மை மீட்டது எந்த ஒரு நிறுவனத்தின் அருளுமன்று. எல்லார்க்கும் பொதுவாகிய ஒருங்குறி என்னும் நியமமே. இன்று அட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்துப் பிள்ளைகள் பரீட்சைப் பெறுபேற்றைக் கைத்தொலைபேசியிற் பார்க்கும்போது தமிழ் பிழையின்றித் தோன்றுவது அப்பொதுநியமத்தின் பயனே.

பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவை இம்மலைநாடு வேறொரு வகையிலும் அறியும். தோமஸ் லிப்டன் 1890இல் இலங்கையில் தோட்டங்களை வாங்கித் தம் பெயரைத் தேயிலையின் பெயராகவே ஆக்கிக் கொண்டார். கொழுந்து இங்கு விளைந்தது. பறித்த கை நம்மவர் கை. பெட்டியின்மேல் நின்ற பெயர் வேறு. காலப்போக்கில் அப்பெயரின்கீழ்ப் பல நாட்டுத் தேயிலையும் கலந்து விற்கப்பட்டது. பெயரை ஆள்பவனே கலவையையும் ஆள்வான் என்பதை நாம் அவ்வாறு கற்றோம். இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்க இலச்சினை அதற்கு ஒரு மறுமொழி. முழுதும் இலங்கைத் தேயிலையாய், இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டதற்கு மட்டுமே அவ்விலச்சினை உரியது. தேயிலையில் இலை நமது, பெயர் பிறரது. உலாவில் பெயர் நமது, இலை பிறரது. இரண்டிடத்தும் வாங்குபவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பெட்டியின் உள்ளே இருப்பது யாது?

இவ்வளவுங் கொண்டு உலாவைப் பற்றிய நம் முடிவைக் கூறுவாம். அதனைத் தமிழன் ஆக்கிய முழுமையான சுதேச உலாவி எனப் போற்றுவோர் ஊர்தியை மறந்து தலைவனைப் பாடுவோர். பெயர் மாற்றிய குரோம் என இகழ்வோரோ, சபாரியும் குரோமும் இன்றைய எட்ஜும் அவ்வாறே பிறர் பொருளை அடியாகக் கொண்டவை என்பதை மறந்தோர். முன்னர்க் கூறிய மூன்று ஆற்றலாலும் அதனை அளந்தால், திருத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. உரிமம் அதற்கு இடந்தருகின்றது. மறுக்கும் ஆற்றல் ஒருபகுதி உண்டு. ஒவ்வொரு மறுப்புக்கும் உரிய செலவைத் தானே ஏற்றல் வேண்டும். பிரியும் ஆற்றலை ஸோஹோ இன்னும் செய்து காட்டவில்லை. ஆகவே இது 1997ஆம் ஆண்டின் அடிமைத்தனமுமன்று, 2003ஆம் ஆண்டின் விடுதலையுமன்று, இடைப்பட்ட நிலை. இந்நிலையினின்றும் மேலேறுதற்கு விளம்பரமோ நாட்டுப்பற்று முழக்கமோ துணையாகா. பொறியின் உள்ளே சென்று அறிந்தோர் எத்தனை பேர் என்பதே அளவு.

விடுதலை பெற்றவனே பிறரைத் தளைப்பதும் உண்டென்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். மைக்ரோசொப்டின் பிடியினின்று தப்பிய அப்பிள், பின்னாளில் தன் ஐபோனில் எவ்வுலாவியும் வெப்கிற் பொறியையே பயன்படுத்த வேண்டுமென விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தாலேயே 2024 மார்ச்சில் அவ்வொன்றியத்து நாடுகளில் அவ்விதி தளர்ந்தது. எனவே நாம் வேண்டுவது ஒரு நிறுவனத்தின் வாயிலுக்குப் பதில் மற்றொரு நிறுவனத்தின் வாயில் அன்று. வாயிலின் அளவும் அமைப்பும் எல்லார்க்கும் பொதுவாய் எழுதப்பட்டிருத்தலே. 2024இல் இலாப நோக்கற்ற அமைப்பாய் நிறுவப்பட்டு, எவர் பொறியையுஞ் சாராமல் புதிய பொறியையே ஆக்கிவரும் லேடிபேர்ட் என்னும் உலாவிக் குழுவினர், அது முற்றிலும் இயலாத செயலன்று என்பதை உணர்த்தி வருகின்றனர்.

நம் கல்லூரி மாணவர் கணினிப் பாடத்தை இன்று பொத்தான்களின் பெயரறியும் அளவில் நிறுத்திவிடுகின்றனர். உலாவியைத் திறக்கத் தெரிந்தவன் பவனியைக் காண நிற்பவன் மாத்திரமே. அதன் மூலநிரலைப் படிக்கத் தெரிந்தவன் தேர்ச்சக்கரத்தின் அருகில் நிற்பவன். குரோமியமும் கெக்கோவும் எவரும் படிக்கத்தக்கனவாய்த் திறந்தே கிடக்கின்றன; தமிழெழுத்தை வரைந்து காட்டும் பகுதியும் அங்ஙனமே. அவற்றைக் கற்கக் கொழும்புக்கோ சென்னைக்கோ செல்லுதல் வேண்டியதில்லை. ஆங்கிலமும் கணிதமும் பொறுமையும் போதும். தமிழெழுத்துத் தோற்றத்திலுள்ள சிறு பிழையொன்றைக் கண்டு திருத்தி அனுப்பும் ஒரு மாணவன், நம் உலா என்று ஆயிரம் முறை பெருமை பேசுவோனினும் தமிழுக்கு மிகுதி செய்தவனாவான். உலாவுக்குரிய தலைவனைப் பாடப் புலவர் என்றும் உளர். முட்டுக்கட்டை இடத் தெரிந்தோரே நமக்கு இன்று வேண்டப்படுவோர்.